இடது பின் சக்கரம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, சின்னவள், நான் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் என்றால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குரலையாவது கேட்க வேண்டும், இரண்டுக்கும் எனக்கு இப்போது தைரியம் இல்லை. புதன்கிழமை நீ கூப்பிட்டபோது கடைக்கு ஆள் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேனே, ஒருவரும் வரவில்லை. கடையில் நானும் இஸ்திரிப் பெட்டியும்தான் இருந்தோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றது அதைவிடப் பெரியது, எழுத எழுதத்தான் வரும்.

வீட்டு விஷயம் என்றால், அப்பாவுக்கு மறுபடியும் மலைப்பக்கத்து பஸ்ஸையே கொடுத்துவிட்டார்கள், முட்டி வலி என்று முனகுகிறார், தைலம் தேய்த்துவிடுகிறேன் என்றால் நாற்றம் என்கிறார். சின்னவள் ஓட்டுநர் தேர்வில் இந்த முறையும் கோட்டைவிட்டாள். நம் தெரு முனையில் ஓட்டுநர் பள்ளி வைத்திருக்கிற வாத்தியார், உங்க பொண்ணு நல்லாத்தாம்மா ஓட்டுறா, ஆனா பின்னாடி வர்ற வண்டியப் பாக்க கண்ணாடி வெச்சா, அதுல தன்னோட முடி சரியா இருக்கான்னு பாத்துட்டு வர்றா என்கிறார். அவள் அவர் மேல் பழி போடுகிறாள், அவர் பேசும் வேகத்துக்குத் தூக்கம் வருகிறதாம். கடையில் வேலை இருக்கிறது. வக்கீல் கோட்டும் ஓட்டல் திரைச்சீலையும் சலவைக்கு வந்து மலை மாதிரி கிடக்கின்றன, நீராவி எந்திரம்தான் மூட்டில் கசிகிறது. நீ இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடுக்கியிருப்பாய் என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன், முடுக்குவதைப் பற்றி நான் பேசக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் டிவியில் கார் பந்தயம் பார்ப்பது உனக்குத் தெரியும். ஓட்டுநர் பள்ளி வாத்தியார், எதிர் மருந்துக் கடைக்காரர், மாடியில் இருக்கிற பல் டாக்டரம்மா, அப்புறம் நான். ஆனால் அங்கே நான் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. உன் குழுவோடு நீ எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். டிவிக்கு நேரே இருக்கிற கை வைத்த நாற்காலி எனக்குத்தான், டாக்டரம்மாவுக்குக்கூட மர ஸ்டூல்தான். வருஷத் தொடக்கத்தில் பச்சை வண்டி எல்லாப் பந்தயத்தையும் வாரிக்கொண்டு போனபோது உங்கள் மஞ்சள் வண்டி தேறாது என்று மருந்துக் கடைக்காரர் கையை விரித்தார், மழைப் பந்தயத்துக்குப் பிறகு பாருங்க என்று நான் சொன்னேன், அதுவும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மழைப் பந்தயத்தில் உங்கள் வண்டியை ஓட்டுகிற மீசைக்காரர் ஜெயித்தார். அன்றிலிருந்து என் வாய்க்குப் பூட்டே இல்லை. எந்த டயர் போடுவார்கள், சக்கரம் மாற்ற எப்போது உள்ளே கூப்பிடுவார்கள், எல்லாவற்றுக்கும் மூன்று பேரும் என் வாயைப் பார்ப்பார்கள். தம்பி என்னம்மா சொல்லுது என்று டாக்டரம்மா கேட்கும்போது எனக்குத் தலை கால் புரியாது. துணிக்கடை, வங்கி என்று எங்கே போனாலும் என் பையன் பந்தய வண்டிக்குச் சக்கரம் மாட்டுகிறான் என்று ஆரம்பித்துவிடுவேன், அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்.

போன ஞாயிறு, அதாவது கடைசிக்கு முந்தைய பந்தயம். மீசைக்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இதை ஜெயித்துவிட்டால் கடைசிப் பந்தயத்தில் நாலாவதாக வந்தாலே கோப்பை நமக்கு என்று டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்னால் கூட்டிக் காட்டினார். வாத்தியார்கூட ஸ்டூல் நுனிக்கு வந்துவிட்டார். வண்டி சக்கரம் மாற்ற உள்ளே வந்தது, நீங்கள் எல்லோரும் பாய்ந்தீர்கள், வண்டி போனது, வளைவு தாண்டுவதற்குள் இடது பின் சக்கரம் ஆடியது, வண்டி ஓரமாக நின்றுவிட்டது. திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நட்டு கோணலாக ஏறியிருக்கிறது, அது தெரியாமல் சரியாகிவிட்டது என்று ஒருவன் கையைத் தூக்குகிறான். எல்லோருக்கும் ஒரே உடுப்பு, முகத்தை மூடிய தலைக்கவசம், யார் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. சட்டைக் கையை உள்பக்கமாக ஒரு மடிப்பு மடித்திருந்தாய். இந்தக் கடையில் நின்று நான் சொல்லிக்கொடுத்த மடிப்பு அது.

மருந்துக் கடைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார், வருஷம் பூரா ஓட்டினதை ஒரு கழுதை ஒரு நொடியில கவுத்துட்டானே என்றார். கத்திவிட்டு என் பக்கம் திரும்பி, அம்மா, அது உங்க பையன் இல்லையே என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசிக்கக்கூட இல்லை கண்ணா. சேச்சே, என் பையன் முன்னாடி வலது சக்கரம், பின்னாடி இடது அந்த நெட்டைதான், எப்பவும் அவன் கொஞ்சம் அசமந்தம் என்று சொல்லிவிட்டேன். படத்தில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற நெட்டையைக் கையால் வேறு காட்டினேன். சாப்டீங்களா அம்மா என்று நீ சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் வீடியோவில் வந்து என்னை விசாரிக்கிற பிள்ளையை. உங்கள் இருவர் இடத்தையும் அப்படியே மாற்றி வைத்தேன். அதற்குமேலும் விட்டேனா, கவனம் இல்லாதவனை எல்லாம் வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று அவர்களோடு சேர்ந்து நானும் திட்டினேன். அவனைத் திட்டுவதாகச் சொல்லிக்கொண்டு உன்னைத்தான் திட்டினேன், அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

மருந்துக் கடைக்காரர் ரசிகர்களுக்காக ஒரு பக்கம் நடத்துகிறார், எங்கெங்கேயோ இருக்கிற ஜனங்கள் எல்லாம் அதில் பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் பார்த்தால் சுவரில் இருக்கிற நம் படத்தையே போனில் எடுத்து, நெட்டையின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கோப்பையைத் தொலைத்தவன் இவன்தான், குழுவுக்குள்ளிருந்தே வந்த செய்தி என்று போட்டிருக்கிறார். வட்டத்துக்குள் உன் காது கொஞ்சம் விழுந்திருந்தது. கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படிக்க முடியவில்லை. அப்போதாவது எதிர்க்கடைக்கு நடந்து போய் நான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கலாம், தெருவின் அகலம்தான் தூரம். போகவில்லை. உன்னைக் காப்பாற்றத்தானே செய்தேன், பெற்றவள் வேறு என்ன செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வக்கீல் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். எனக்கு அந்த நாற்காலியை விட மனம் வரவில்லை.

அப்புறம் நீ கூப்பிட்டாய். தப்பு என்னுதும்மா, குழுத் தலைவர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன், என்னைத் திட்டினா வாங்கிக்குவேன், ஆனா யாரோ நெட்டை பேரைப் போட்டுட்டாங்க, அவன் வாங்குறான், அவனோட அம்மாவுக்கெல்லாம் எழுதுறாங்க என்றாய். நீ உண்மையைச் சொல்லப்போனால் அவன் உன்னைத் தடுத்து, உனக்கு இன்னும் ஒரு பந்தயம் பாக்கி இருக்கு, தலைவர் உன்னையே நிக்கச் சொல்லியிருக்கார், அது முடியட்டும், அதுவரைக்கும் என் தலையிலேயே இருக்கட்டும் என்று சொன்னானாம். இதைக் கேட்டுவிட்டுத்தான் நான் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்றேன். வைக்கும்போது, நீ ஏம்மா ஒரு மாதிரி பேசற, உடம்பு சரியில்லையா என்று கேட்டாய் பார், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அப்பா வாயைத் திறந்தார். பந்தயம் என்றாலே, வாரம் பூரா ஓட்டுறேன், ஞாயித்துக்கிழமையும் அதையே பாக்கணுமா என்கிறவர். போன ஞாயிறு என்னைக் கூட்டிப்போக வந்தவர் கதவோரம் நின்றிருக்கிறார், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், கேட்டிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. கையைத் தொடையில துடைச்சிட்டுத் தூக்கினான், சாப்பிட்டு எழுந்தாலும் அப்படித்தான் துடைப்பான், முகத்தை மூடியிருந்தாலும் எனக்கே தெரிஞ்சுது, உனக்குத் தெரியலையா, இல்ல தெரியாத மாதிரி இருந்தியா என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எகிறியிருப்பேன். தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். நான் பாதிச் சோற்றில் எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

நேற்றுச் சாயங்காலம் மூன்று பேரையும் கடைக்குக் கூப்பிட்டேன். கடைசிப் பந்தயத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து டாக்டரம்மா புதுக் கணக்கோடு வந்தார், பச்சை வண்டி ரெண்டாவதா வந்தாலும் நமக்கு வழி இருக்கும்மா என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து சொல்லிவிட்டேன், இடது பின் சக்கரம் என் பையன், நெட்டை இல்லை, உங்ககிட்ட பொய் சொன்னேன் என்று. டாக்டரம்மா கையில் இருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே, எங்கிட்ட படிக்கிறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது பிரேக்குன்னு நினைச்சு வேற எதையாவது மிதிச்சிருக்காங்கம்மா, ஆனா பக்கத்து சீட்டுக்காரன் மிதிச்சான்னு யாரும் சொன்னதில்ல என்றார். மெதுவாகப் பேசுகிறவர், ஒவ்வொரு சொல்லாக வந்து விழுந்தது. மருந்துக் கடைக்காரருக்கு முகம் சிவந்துபோனது. என் பேரும் கெட்டுப்போச்சேம்மா என்றார். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, சரி, சத்தமில்லாம எடுத்துடறேன், யாருக்கும் தெரிய வேண்டாம், உங்க பையன் பேரும் வெளிய வராது என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் அது எனக்கு இனித்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். நிமிர்ந்தால் எதிரே அந்தப் படம், நெட்டையின் கை உன் தோளில் கிடக்கிறது. வேண்டாம், நான் பேசுறேன், படம் பிடிங்க என்றேன். படத்துக்குப் பக்கத்தில் நின்று, இது என் மகன், இடது பின் சக்கரம் இவனுடையது, பக்கத்தில் இருக்கிற பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை, அவன் மேல் பழி போட்டது நான் என்று சொன்னேன். நடுவில் சொல் குழறியது, மறுபடி எடுக்கலாமா என்று மருந்துக் கடைக்காரர் கேட்டார், இதுவே இருக்கட்டும் என்றேன். சிவப்பு வட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்டிருக்கிறார். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் பெரியவனே. இனி உன்னைத் திட்டுவார்கள், பந்தயத்துக்கு முன்னாடியே திட்டுவார்கள். கேட்டிருந்தால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய், அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. என்னையும் திட்டுகிறார்கள். ஊரார் கோட்டில் கறை எடுக்கிறவள் அடுத்த வீட்டுப் பிள்ளை முகத்தில் பூசியிருக்கிறாள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

இதை நீ முதலில் நெட்டைக்குப் படித்துக் காட்டு. அவன் மொழியில் சொல்லும்போது அம்மாவுக்காக எதையும் குறைத்துச் சொல்லாதே, அசமந்தம் என்று சொன்னதையும் சொல். அவனுடைய அம்மாவிடம் நான் பேச வேண்டும், நீ நடுவில் இருந்து சொல்லிக்கொடுத்தால் போதும். அவன் இனி என்னிடம் சாப்டீங்களா என்று கேட்காவிட்டாலும் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. உனக்கு என் மேல் கோபம் என்றால் கோபப்படு, பேசாமல் மட்டும் இருக்காதே.

நாளைக்குக் கடைசிப் பந்தயம். அவர்கள் மூன்று பேரும் வருவார்களா தெரியாது. டாக்டரம்மா வந்தால் அந்த நாற்காலி அவருக்கு, நான் திரைச்சீலை மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வேன். அப்பா மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நாளைக்குப் போட்டிருந்த வேலைக்கு மாற்று ஆள்கூடச் சொல்லிவிட்டார். மீசைக்காரர் ஜெயிப்பதும் பச்சை வண்டி ஜெயிப்பதும் அவர்கள் பாடு. நட்டு முழுதாக ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையைத் தூக்கு, கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் இடத்தில் நிதானமாக இரு என்று சொல்லும் பைத்தியக்கார அம்மா நான் ஒருத்திதான் இருப்பேன், இருந்தாலும் சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. உன் கை நடுங்காமல் இருக்கட்டும், நீயும் நெட்டையும் நன்றாக இருங்கள். நட்டு மறுபடியும் கோணலாகவே போனாலும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அது என் பிள்ளை என்று எழுந்து நின்று சொல்வேன்.

இப்படிக்கு,
இடது பின் சக்கரக்காரனின் அம்மா