மலைக்கு மூக்கு ஒழுகுகிறது

மார்ச் 4
ரோப் கார் ஓட்டும் அப்பா இன்று மட்டும் ஆயிரம் பேரை மலைப் பூங்காவுக்கு ஏற்றிவிட்டார். ஒருவர்கூடப் பின்பக்கத்து அருவிக்கு வரவில்லை. "அது அருவியாடி? மலைக்கு மூக்கு ஒழுகுது" என்கிறார். என் தோழி முட்டைக்கண்ணி குடும்பத்தோடு ஊர் மாறிப் போனதிலிருந்து அந்த மூக்கைப் பார்க்க நான் ஒருத்திதான்.

மார்ச் 6
போன் வரைபடத்தில் அருவியைச் சேர்த்துவிட்டேன். ஐந்து நட்சத்திரம். 'பத்தே நிமிட நடை!' எழுதியவர்: ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அதாவது நான்.

மார்ச் 9
இப்போது கருத்து எழுதியவர்கள் பதினோரு பேர். தண்ணீர் ஜில்லென்று இருக்குமா என்று போலீஸ்காரருக்கும் ஒரு புதுமாப்பிள்ளைக்கும் சண்டை. இரண்டு பக்கமும் நானே திட்டினேன். மாப்பிள்ளை ஜெயித்தார். கைதட்ட ஆள் இல்லை.

மார்ச் 10
அந்தச் சண்டையை முட்டைக்கண்ணிக்கு அனுப்பினேன். ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 15
வந்துவிட்டார்கள்! நிஜ மனிதர்கள்! ஓர் அங்கிள், ஆன்ட்டி, சின்னப் பெண். அங்கிள் முட்டியைப் பிடித்தபடி, முகம் வெளுத்து.

"பத்து நிமிஷம்னு போட்டிருந்தான். ஒரு மணி நேரமா ஏறுறோம். எழுதினவன் மட்டும் கையில கெடச்சான்..." என்றார் ஆன்ட்டி.

"ஆமா ஆன்ட்டி, பொறுப்பில்லாத ஜென்மம்."

பத்து நிமிடம் — நானும் முட்டைக்கண்ணியும் ஓடின கணக்கு அது. ஊரில் மற்றவர்களுக்கும் முட்டி இருக்கும்னு எனக்கு ஏன் தோணவே இல்ல?

சின்னது கேட்டது: "அக்கா, நீங்க யார்கூட வந்தீங்க?"

அவளுடைய பாட்டிலை வாங்கி அருவியில் நிரப்பிக் கொடுத்தேன்.

இறங்கும்போது அங்கிள் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே வந்ததும், எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஆன்ட்டி மேலும் கீழும் பார்த்தார். "பதினோரு பேருமா?"

"ம்."

அப்படியே போய்விட்டார்கள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 16
பதினோரு பேரையும் அழித்தேன். என் பெயரில் ஒன்றே ஒன்று: 'ஒரு மணி நேர ஏற்றம். முட்டி வலி உள்ளவர்கள் வேண்டாம். தண்ணீர் சுமார்.'

மார்ச் 22
ஞாயிறு. யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்?

மார்ச் 24
புதிதாக ஒரு கருத்து. சத்தியமாக நான் எழுதவில்லை. இரண்டு நட்சத்திரம். 'வழி மோசம். வழிகாட்ட ஒரு வாயாடிப் பெண் இருக்கிறாள், கேட்டால் கூட்டிப்போவாள். என் மகள் மறுபடி போகணும் என்று அடம்பிடிக்கிறாள்.'

அப்பாவிடம் காட்டினேன். "ரெண்டே நட்சத்திரமா?" என்றார்.

பாதி வழியில் உட்கார ஒரு பலகை வேண்டும். அப்பாவிடம் ஆணி கேட்டிருக்கிறேன்.