முதல் களாக்காய்

விஜய வருஷம் ஆனி 11, வியாழன்.

மூணு மாசமாகிறது, சோறு இறங்கவில்லை, நீ வேலியில் பறிக்கிற களாக்காய் இரண்டு தின்றால் தேவலை என்று சதுரங்கப்பட்டினத்திலிருந்து என் மகள் மரகதம் கடுதாசி போட்டு ஆறு நாளாகிறது. மலையடிவார வேலியில் அன்றைக்கே காய் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. முதல் காய் சுவாமிக்கு, பிறகுதான் பிள்ளைக்கு என்று பிரதோஷம் வரைக்கும் நிறுத்தி வைத்தேன். நேற்று மலையேறிப் படைத்தேன். இன்று கையெல்லாம் முள் கீற, கூடை நிறையப் பறித்துக்கொண்டு போனேன்.

சம்பந்தியம்மாள் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். "செவ்வாக்கெயமையே கலைஞ்சு பூட்ச்சி சம்பந்தி. சொல்லி அனுப்ப ஆளு தேடிக்கினு இருந்தோம்."

மரகதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "கொண்டாந்தியாம்மா?" என்று ஒன்றை வாங்கிக் கடித்தாள். "தெனம் தெருவையே பாத்துகினு இருந்தேன். இப்ப புளிப்புகூடத் தெரியல." பாதிக் காயை என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள்.

கூடையோடு திரும்பி வந்துவிட்டேன். உப்பில் போட மனசு வரவில்லை.

கேட்டவளுக்குக் கொடுக்காமல் காத்திருந்தேனே, சுவாமி பசித்தா இருந்தார்? நேற்று அர்ச்சனையில் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டேன். அப்போதே அது இல்லை.