வெளிறிய கெண்டைகள்

இஞ்சாருங்கோ,

நீங்கள் கொழும்புக்குப் போன பிறகு, உங்கள் மீன்தொட்டியில் ஒரு பிழை விட்டுவிட்டேன். நேற்று ஷெல் சத்தத்துக்குப் பிறகு சிவப்புக் கெண்டைகள் சில வெளிறிக் கிடந்தன. வேறு இனம் கலந்துவிட்டதென்று நினைத்து, பிடித்து வாளியில் விட்டேன். மகன் சிரித்தான்.

"அம்மா, பயந்தால் மீன் வெளிறும். நிறத்தைப் பாத்து இனம் பிரிக்கக் கூடாது, செதிலை எண்ண வேணும் எண்டு அப்பா படிப்பிக்கிறவர்."

அவனும் இளந்தாரி ஆகிவிட்டான்.

நாளை காலை கொக்குவில் இளந்தாரிகள் எல்லோரும் கோயில் வெளியில் வரிசையாக நிற்க வேண்டுமென்று ஆமி அறிவித்திருக்கிறது. முகம் மூடிய தலையாட்டி ஒவ்வொருவராகப் பார்ப்பானாம். அவன் தலையாட்டினால், இயக்கப் பொடியன் என்று ஆளை ஆமிக்காரர் ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள்.

உங்கள் மகன் பயந்தால் முகம் வெளிறிப்போகும். தலையாட்டிக்குச் செதில் எண்ணத் தெரியுமா?

உங்கடை மனுசி