பத்தடிப் படகு

அம்மா,

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். படகின் உன் பக்கம் தரையை விட்டு எழவில்லை.

முன்பக்கத்தை நான் பிடித்திருந்தேன், பின்பக்கத்தை நீ. சலீம் பாய் "ம், தூக்குங்க" என்றார். என் பக்கம் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது; உன் பக்கம் தரையில் கிரீச்சென்று உரசியது. நீ குனிந்து, விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றியபடி அப்படியே நின்றாய். உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பட்டறையின் சிமெண்டுத் தரைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு காகிதம்கூட நுழைந்திருக்காது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாய்.

"லைட்டாத்தான் இருக்கும்மா" என்றேன்.

இன்று காலை வைட்ஃபீல்டில், என் அலுவலகம் இருக்கும் மாடியில், புதிய தடுப்புச் சுவர் போட ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவர் அகலமான அலுமினியத் தகட்டைத் தனியாகத் தூக்க முடியாமல், ஒரு மூலையைத் தரையில் உரசவிட்டு இழுத்துக்கொண்டு போனார். எல்லோரும் முகம் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருக்கிறேன். பக்கத்து இருக்கைப் பெண் "என்னாச்சு?" என்று கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தேன். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுகிறேன்.

எல்லாம் அந்த அமெரிக்கப் பத்திரிகையில் தொடங்கியது. நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் நான் எனக்கு நாவல் தேடிக்கொண்டிருக்க, நீ அட்டை கிழிந்த மீன்பிடிப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டாய். அந்த ஊர் ஏரிகளில் மஸ்கி என்று ஒரு மீன். நீளமான வாய், ஊசிப் பற்கள். பாசியோரம் அசையாமல் நின்று, வருவதை அடிக்கும். அதைப் பிடிக்க எப்படிப்பட்ட அலுமினியப் படகு வாங்க வேண்டும் என்று நான்கு பக்கக் கட்டுரை. ஜோகுபாளையம் வீட்டுக்கு வந்து சேரும் வரை ஆட்டோவில் அதைத்தான் படித்தாய்.

"இது ஒண்ணுமில்ல பாப்பா. அவங்க ஊரு விராலு."

பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால்தான் ஒரு மஸ்கி கிடைக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். அதைப் படித்துக் காட்டியபோது நீ சிரித்தாய். "பரவால்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல நான் அதைவிட அதிகமா ஹலோ சொல்லியிருக்கேன். ஒருத்தனாவது ஒழுங்கா பதில் சொன்னானா?"

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். என் சனிக்கிழமைகள் எல்லாம் உன்னுடைய ஏரியில் கழிந்தன. சந்தாபுரா தாண்டி, யூகலிப்டஸ் தோப்புக்குப் பின்னால் இருந்த அந்த ஏரியில் நீ விரால் பிடிப்பாய். நான் காரின் கதவைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பேன். கரையில் நிற்கும் ஆண்கள் முதலில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு உன்னிடம் தூண்டிலில் மாட்டும் ரப்பர் தவளை இரவல் கேட்டார்கள். குஞ்சுகள் சிவப்பாகத் திரண்டு தண்ணீரின் மேலே வரும் பருவத்தில் நீ தூண்டிலைத் தொடமாட்டாய். அடியில் தாய் காவல் நிற்கும், அப்போது எதைப் போட்டாலும் பாயும் என்பாய். "அது பசிக்குக் கடிக்கல, கோவத்துல கடிக்குது. அதைப் பிடிக்கிறது பிடிக்கிறதே இல்ல."

உன் வலது கைக் கட்டைவிரலில்தான் முதலில் தெரிந்தது. ரீலைச் சுற்றும்போது பிடி வழுக்குகிறது என்றாய். எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று அதைக் கழற்றித் துடைத்தாய். அடுத்த வாரமும் துடைத்தாய். மாதங்கள் கழித்து டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, கையில் தொடங்கியிருக்கிறது, அங்கே நிற்காது, மருந்து இல்லை.

நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "கை எவ்வளவு நாளைக்கு இருக்கும் டாக்டர்?"

மழைக்காலம் வரை இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார். மருத்துவமனை வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது நீ சொன்னாய்: "அப்ப படகு வாங்கிடலாம்."

அது பிதற்றல் இல்லை. யோசித்துத்தான் சொல்லியிருந்தாய். ஏரிக்கரையில் நீ வழக்கமாக நிற்கும் மேட்டில் லேஅவுட்காரர்கள் கல் நட்டு வேலி போட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த கரையிலிருந்து பாசிக்கு எட்ட வேண்டுமென்றால் தோள் முழுவதையும் கொண்டு வீச வேண்டும். படகில் போனால் வீசவே தேவையில்லை, பாசியின் ஓரத்தில் போட்டால் போதும். நான் துடுப்புப் போடுவேன், நீ தவளையைப் போடுவாய்.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் பரிசல் இருந்தது. அதைக் கன்னடத்தில் தெப்ப என்பார்கள். "பன்னி மேடம், தெப்பதல்லி கூத்துக்கொள்ளி, நான் சுத்திக் காட்டறேன்" என்று, வந்து தெப்பத்தில் உட்காரச் சொல்லி அவர் பல முறை கூப்பிட்டிருக்கிறார். நீ போகவில்லை. "தெப்பத்துல உக்காந்து ஊரு சுத்தி வர நான் என்ன சாமியா?" என்றாய். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய்ப் பாடகர் குழுவில் ஆல்டோ குரலில் பாடும் உன் வாயிலிருந்து அது வந்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

படகை ஏரியில் விட்டுவரவும் முடியாது. மறுநாளே அது யார் வீட்டிலோ இட்லிப் பானையாகிவிடும். காரின் மேலே கேரியரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும், ஏற்றுவதும் இறக்குவதும் நாம் இரண்டு பேர் மட்டுமே. ஆள் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்றேன். "ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஆம்பளைங்களை முன்னாடி அனுப்பி வெக்க அது என்ன கல்யாணச் சீரா?"

சலீம் பாயின் பட்டறை சந்தாபுரா போகும் வழியில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி, பால் கேன், ஏதோ ஒரு விடுதிக்காக இரண்டு மூன்று படகுகள் செய்திருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

"அலுமினியம் பேடா, வேணாம் மேடம், கேளுங்க. ஃபைபர் போட்டுத் தரேன். பத்து வருஷத்துக்குக் கண்ண மூடிக்கலாம்."

"கண்ண மூட எனக்கு அவ்ளோ டைம் இல்ல பாய். எது கனம் கம்மி?"

நீ அவசரக்காரி என்று அவர் நினைத்துக்கொண்டார். முதல் முறை நாம் பார்த்தது விடுதிக்கான பதினாலடிப் படகு. நீ பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாய். நீளமாக இருக்க வேண்டும், அடி அகலமாக இருக்க வேண்டும், நின்றுகொண்டு மீனோடு மல்லுக்கட்டினாலும் ஆடக்கூடாது, தகடு கனமாக இருந்தால் கல்லில் இடித்தாலும் நசுங்காது என்றெல்லாம் அதில் இருந்தது. பிறகு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாய். பத்திரிகையைப் பைக்குள் வைத்தாய்.

"பன்னண்டு அடி போதும் பாய்."

அடுத்த முறை பன்னிரண்டும் பத்தாயிற்று. தகடு ஒரு படி மெல்லியதாயிற்று. நடுப்பலகை வேண்டாம் என்றாய், நாம் இரண்டு பேர்தானே. உள்ளே எது விழுந்தாலும் அலுமினியம் கணீரென்று காட்டிக்கொடுத்துவிடும், மீன் ஓடிவிடும், அதனால் தேங்காய்நார்ப் பாய் விரிக்க வேண்டும் என்று நீதான் முதலில் சொன்னாய். அந்தப் பாயும் போயிற்று. பச்சை பெயிண்ட் அடிக்கலாமா என்று அவர் கேட்டார்.

"பெயிண்ட்டுக்கும் எடை இருக்கில்ல?"

"என்ன மேடம், ரெண்டு கிலோ வருமா?"

"அந்த ரெண்டு கிலோ எனக்கு வேணாம்."

கடைசியில் இரண்டு முனைகளிலும் இருந்த காற்றுப் பெட்டிகளைக் காட்டினாய். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருப்பதற்கு அவை. அவற்றையும் எடுத்துவிடச் சொன்னாய். சலீம் பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு மேல கொறைச்சா அது படகு இல்ல, அண்டா. பிரியாணி வேணா போடலாம்."

நீ சிரித்தாய், அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். உனக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பத்திரிகை சொன்ன ஒவ்வொன்றுக்கும் எதிர்த்திசையில் நாம் போய்க்கொண்டிருந்தோம். அந்த ஏரிக்கு எது நல்ல படகு என்ற கேள்வி எப்போதோ நின்றுபோயிருந்தது. உன் கைகள் எதைத் தூக்கும் என்பது மட்டுமே மிஞ்சியிருந்தது. நாம் ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த விடை மாறிக்கொண்டே வந்தது. அவர் தகடு வெட்டும் வேகத்தைவிட அது வேகமாக இருந்தது.

மூன்றாம் முறை போனபோதுதான் அந்தப் பத்தடிப் படகு தயாராக இருந்தது. பெட்டிகளை மட்டும் அவர் எடுக்க மறுத்துவிட்டார். பளபளவென்று, சட்டி கழுவி வைத்தது போல இருந்தது. நீ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாய். அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன்.

திரும்பி வரும்போது நான் கார் ஓட்டினேன். கியர் மாற்ற முடியவில்லை என்று அந்த மாதத்தில்தான் நீ ஓட்டுவதை விட்டிருந்தாய். மடியில் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு வந்தாய். லாரிகள் நின்றுவிட்ட ஓரிடத்தில் கேட்டாய்:

"கனமா இருந்துதா உனக்கு?"

"இல்லம்மா."

"எனக்கும் கனமாவே இல்ல."

நம் இருவரில் நீ சொன்னதுதான் உண்மை; தூக்காத கைக்குக் கனம் ஏது? நீ அதைத் தெரிந்து சொன்னாயா என்று நான் இத்தனை வருடங்களாக யோசிக்கிறேன். தெரிந்தே சொன்னாய் என்று சில நாட்கள் தோன்றும். அந்த நாட்கள் மற்றவற்றைவிட மோசமானவை. நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. பதினாலடியோ பத்தடியோ, அந்தப் படகை இறக்குவதற்கு நமக்கு நாள் இருக்கவில்லை.

துக்கத்தைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன் அம்மா. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எது நடந்தாலும் முதலில் அதைப் பற்றிப் புத்தகம் தேடுவேன் என்று. எல்லாப் புத்தகங்களும் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஏதோ ஓர் ஒளியைக் கொண்டுவந்துவிடுகின்றன. நான் அந்த அத்தியாயத்துக்கு வந்ததும் மூடிவைத்துவிடுகிறேன். போனவர்கள் நம்மோடு இருக்கிறார்கள் என்கிறார்கள். நீ இல்லை. உன் குரல்கூட இப்போது சரியாக ஞாபகம் வருவதில்லை; நீ சொன்ன வார்த்தைகள் வருகின்றன, என் குரலில்.

என்னிடம் இருப்பது ஒரு பழக்கம்தான். அலுவலக வண்டி ஏரிக்கரை வழியாகப் போகும்போது கண் தானாகப் பாசியின் ஓரத்துக்குப் போகிறது. விரால் மூச்சுவிட மேலே வரும் அந்த ஒரு சுழிப்பைத் தேடுகிறது. இப்போது அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைதான் மிதக்கிறது, காற்றடித்தால் சாலைக்கு வருகிறது. வண்டியில் எல்லோரும் ஜன்னலை மூடுகிறார்கள். நான் பார்த்துக்கொண்டே போகிறேன். உபயோகமில்லாத ஒரு திறமை. யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

மழை தொடங்கிய வாரத்தில் சலீம் பாய் படகை டெம்போவில் அனுப்பினார். வந்த ஆட்கள் அதை வீட்டின் பக்கச் சந்தில், சுவரோரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். நீ ஜன்னல் வழியாகப் பார்த்தாய். அதற்குள் நான்தான் உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை போகலாம் என்றாய், சரி என்றேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. பிறகு நீ அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு முன்பே இறந்துவிட்டாய். ஒரு வருடம் கழித்து, ஆனேக்கல் பக்கம் மீன் குட்டை வைத்திருந்த ஒருவர் படகைக் கேட்டு வந்தார். புரட்டிப் பார்த்தார், ரிவெட்டுகளை விரலால் தடவினார். தண்ணீர் கசியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.