ரவிக்கு நான் காப்பாளர் இல்லையாம்

ஆகஸ்ட் 14, வியாழன்

ஸ்ரீபெரும்புதூர் வக்கீலிடம் உயில் எழுதத்தான் போனோம். வீடு என் மகன் ரவிக்கு. எனக்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொள்வது அவன் தங்கை நிர்மலா. அடித்தல் திருத்தல் இல்லாமல் நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். வக்கீல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மனவளர்ச்சி குன்றின பையன்னாலும், பதினெட்டு தாண்டிட்டா பெத்த தாயே மனு போட்டுத்தாம்மா கார்டியன் ஆகணும். இன்னிக்குச் சட்டப்படி அவருக்கு யாருமே இல்ல."

யாருமே இல்லையா? முப்பத்து நான்கு வயது மகனுக்குக் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட நான் யார்? ரவி சுழல்நாற்காலியில் சுற்றிச் சுற்றிச் சிரித்தான்.

"சரி, மனு போடுங்கள். எனக்குப் பிறகு நிர்மலா என்றும் எழுதுங்கள்" என்றேன்.

ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சீருடையோடு வந்திருந்த நிர்மலா எழுந்துவிட்டாள்.

"எங்க சூப்பர்வைசர்கூட ஓ.டி.க்குப் பேர் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கறாரும்மா. நீ என்னைக் கேட்டியா?"

வக்கீல் முன்னால்! அப்படியே மறைமலை நகர் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

முடியாது என்று அவள் சொல்லவில்லை. நாளை போன் செய்து கேட்க வேண்டும். பெற்ற பெண்ணிடம் எதையும் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. கேட்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட்டால், ரவியை நான் யாரிடம் ஒப்படைப்பேன்?