வாத்தின் முதுகில் விழுந்த சிவப்பு

செப்டம்பர் 6, 1932

மன்னித்துக்கொள் ஆன்செல்ம், ஊர் அடங்கிய பிறகுதான் எழுத உட்கார முடிகிறது. நீ பாரிஸ் அச்சக வேலையிலிருந்து திரும்பும்வரை எழுதிவைத்து, வாராவாரம் தபாலில் போடுகிறேன். அடுத்த மாதம் நம் அர்லெத்துக்கு நாலு வயது. இன்றும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. புதுப் படப்புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினேன். கை கழுவிவிட்டுத்தான் தொடவிட்டேன். "வாத்து, சொல்லு" என்றால் என் வாயையே பார்க்கிறாள். காது கேட்கவில்லையோ?

செப்டம்பர் 8

நான்ஸி நகரத்துக் காது டாக்டர் அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லி எழுதியிருக்கிறார். கடிதத்தின் நடுவில் 'காது கேளாதோர் விடுதி' என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

செப்டம்பர் 9

அலமாரித் தட்டுகளில் நீ விரித்திருந்த, நிறம் இடம் மாறிப்போன அச்சகக் கழிவுத் தாள்களை எடுத்துவிட்டேன். கோபப்படாதே. ராஜாவுக்கு நீலத் தாடை, பச்சைக் குதிரை — பிள்ளை அதையே சரியென்று நினைத்துக்கொண்டால்? ஆசிரியப் பயிற்சி முடித்தவள் வீட்டில் இதுவா?

செப்டம்பர் 11, ஞாயிறு

இங்கே அச்சகத்தில் உன்னோடு படங்களுக்கு மஞ்சள் நிறம் பூசுகிற க்ளெமான்ஸ் வந்தாள். பிளம் பழம் வைத்துச் சுட்ட டார்ட் கொண்டுவந்தாள், உங்கள் அச்சகத்து வழக்கப்படி கழிவுத் தாளில் சுற்றி. நான் கசக்குவதற்குள் அர்லெத் பிசுக்குக் கையோடு தாளை இழுத்துக்கொண்டாள். சிவப்பு பூசுவதற்காக ஓட்டை வெட்டிய தகடு நழுவி, படத்திலிருந்த காவல்காரன் மூக்குக்குப் போகவேண்டிய நிறம் கீழே வாத்தின் முதுகில் விழுந்திருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள்.

"இல்ல."

பிறகு காவல்காரனின் வெளுத்த மூக்கைத் தொட்டு, "இங்க."

ஆன்செல்ம், அவளுடைய முதல் வார்த்தைகள்!

"தப்புக் கண்டுபிடிக்கிறதுல நம்ம அச்சக மேஸ்திரியே தோத்தாரு போ," என்று சிரித்தாள் க்ளெமான்ஸ். "ஏம்மா யோலாந்த், உன் வீட்ல எல்லாமே சரியா இருக்கு. அவ வாயத் திறந்து சொல்றதுக்கு நீ என்னத்த மிச்சம் வச்ச?"

கோபம் வரணும்தானே? வரல. டார்ட் தட்டைக் கையில வச்சுக்கிட்டு அழுதேன்.

செப்டம்பர் 12

அர்லெத்தின் குட்டித் தொப்பியை வேண்டுமென்றே என் தலையில் கவிழ்த்துக்கொண்டு சூப் பரிமாறினேன். "இல்ல, அம்மா." — அம்மா என்றாள்.

செப்டம்பர் 15

காதில் குறையில்லை, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். எப்படிப் பேச வைத்தீர்கள் என்று கேட்டார். வாத்தின் முதுகைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவருடைய அறையில் கோணலாகத் தொங்கிய படத்தைக் காட்டி அர்லெத்தே "இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

ஆன்செல்ம், பாரிஸ் அச்சகத்தில் கெட்டுப்போன தாள்களை என்ன செய்கிறார்கள்? ஒரு கட்டு கேட்டு வாங்கி வர முடியுமா? சீக்கிரம் பதில் எழுது.