ஐந்தாம் நாள் திறந்த கதவு

இன்று காலை அஸ்தினாபுரம் கடையில் வாங்கிவந்த முளைக்கீரையைப் பிரித்தேன். பாலிதீன் கவருக்குள் வியர்த்துப்போயிருந்தது. அந்தப் புழுக்க வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது.

காட்டாங்குளத்தூர் கல்லூரியில், பாலிதீன் ஷீட்டால் நாம் கட்டிய 'செவ்வாய் வீடு' அப்படித்தான் மணக்கும். கடைசி வருட ப்ராஜெக்ட். செவ்வாய்க் கிரகத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, இருக்கிற தண்ணீரையே சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் புழங்கி, கீரை வளர்த்து, பத்து நாள் வெளியே வராமல் இருக்கவேண்டும். இருந்துவிட்டால் வெளிநாட்டுப் பயிற்சி முகாமுக்கு உன் பெயர் போகும். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. உன்னோடு பத்து நாள் அரட்டை அடிக்கலாமே என்று வந்தவள் நான்.

நீயோ படு கறார். நான் முகம் கழுவினால் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். தொழுகைக்கு முன் ஒரே டம்ளர் தண்ணீரில் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு அதையும் கீரைக்கு ஊற்றுவாய். "நமக்கு முன்னாடி இந்தக் கீரைதான்டி சொர்க்கத்துக்குப் போகும்" என்பாய்.

பெருக்க வரும் அக்கா ஷீட் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, இதுக்கொரு படிப்பா? தண்ணி லாரி வரலன்னா எங்க வூட்ல இத்தத்தான் பண்ணிகினு கீறோம்" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

ஐந்தாம் நாள் மதியம் எனக்கு மூச்சு இழுத்தது. சின்ன வயதிலிருந்தே உள்ள வீசிங். சொன்னால் சேர்க்க மாட்டார்களென்று, உடம்பில் ஒரு குறையுமில்லை எனப் பொய்க் கையெழுத்துப் போட்டிருந்தேன். "கதவத் திறடி" என்று கெஞ்சினேன். நீ யோசிக்கவே இல்லை, ஷீட் கதவின் ஜிப்பை இழுத்துத் திறந்துவிட்டாய். ஓடிவந்த ப்ராஜெக்ட் சாரிடம், "நான்தான் சார் பயந்துட்டேன்" என்றாய்.

முகாமுக்கு வேறு யாரோ போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. நாலு திட்டாவது திட்டியிருக்கலாம்.

போன வாரம், நீ இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குத் தாம்பரம் வீட்டுக்குப் போயிருந்தேன். சோற்றில் தால்ச்சா ஊற்றிக்கொண்டே உன் அம்மா, "அவ எதுக்கும் பயப்படாத பொண்ணும்மா. அன்னிக்கு மட்டும் ஏன் கதவத் திறந்தான்னுதான் எனக்குப் புரியல" என்றார்கள். தட்டைத் தள்ளிவைத்தேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"அதானே பாத்தேன்" என்றார்கள். அவர்கள் முகத்தில் அப்படியொரு பெருமை.

இத்தனை வருடம் உன் பெயரில் கிடந்த பயம் என்னுடையது. அதை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன்டி.